ஒரு மலை, இரு சாரல்

நிலமும் பொழுதுமே மாந்தர் வாழ்வின் முதற்பொருள் என வகுத்துரைத்தது தொல்காப்பியம். மலையும் காடும் வயலும் கடற்கரையும் அங்கங்கு வாழ்வோரின் உணவையும் தொழிலையும் தெய்வத்தையும், ஏன், காதலையுங்கூட வடிவமைக்கின்றன என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. அம்மரபில் வந்த நாம், பிழைப்பு நாடி வந்து குடியேறிய நிலத்தை எவ்வளவு அறிந்திருக்கின்றோம்? டோம்பிவிலியில் வீடு வாங்கி, 'லோக்கல்' வண்டியில் ஆயுளின் ஒரு பகுதியைக் கழித்து, பிள்ளைகளும் மராத்தியில் சரளமாக உரையாடத் தொடங்கிவிட்ட பின்னரும், நம்மில் பலர்க்கு மராட்டிய மாநிலம் என்பது தாதரும் தாணேயும் கல்யாணும் மட்டுமே. அதற்கு அப்பால் உள்ளதெல்லாம், ஊருக்குச் செல்லும் வண்டியின் சன்னலில் ஓடி மறையும் காட்சியாகவே நின்றுவிடுகின்றது.

ஒரு பெரிய நாட்டை அறிந்துகொள்ள அதன் மாநிலப் பட்டியலை மனப்பாடம் செய்தால் போதாது. மாநில எல்லைகள் ஆட்சியாளர் வரைபவை, ஆட்சியோடு மாறுபவை. ஐதராபாத் நிசாமின் ஆளுகையில் இருந்த மராத்வாடாவும், மத்தியப் பிரதேசத்தோடு இருந்த விதர்ப்பமும் 1956இல் பம்பாய் மாநிலத்தில் சேர்க்கப்பட்டன. 1960 மே 1 அன்று மகாராட்டிரம் தனி மாநிலமாயிற்று. ஆனால் மலையும் காற்றும் மண்ணும் வகுத்த எல்லைகளை எந்த அரசாணையும் மாற்றியதில்லை.

அத்தகைய எல்லைகளுள் தலையாயது மேற்குத் தொடர்ச்சி மலை. தபதி ஆற்றுக்குத் தெற்கே தொடங்கிக் குமரிமுனை வரை ஏறத்தாழ 1,600 கி.மீ. நீண்டு நிற்கும் இதனை மராட்டியர் சஹ்யாத்ரி என்பர். நாம் விட்டு வந்த ஊரும் வந்து சேர்ந்த ஊரும் இந்த ஒரே மலையின் இரு சாரல்களை அடுத்தவை. சாரல் என்ற நம் சொல் மலைச்சரிவையும் குறிக்கும். மலைக்காற்றோடு வந்து மேனியில் படும் மென்தூறலையும் குறிக்கும். இவ்விரு பொருளையும் மனத்திற் கொண்டு, இம்மலையின் இரு புறத்து வாழ்வையும் சற்று ஒப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மழை வகுத்த எல்லை

ஜூன் தொடக்கத்தில் கேரளக் கரையைத் தொடும் தென்மேற்குப் பருவக்காற்று, பத்து நாள் கழித்து மும்பையை வந்தடைகின்றது. கடலின் ஈரத்தைச் சுமந்து வரும் காற்று மலையில் மோதி மேலெழுகின்றது. குளிர்ந்து தன் சுமையை அங்கேயே இறக்கி வைக்கின்றது. மும்பையில் ஆண்டுக்கு 2,200 மி.மீட்டருக்கு மேல் மழை; அதில் பெரும்பகுதி நான்கே திங்களில் கொட்டித் தீர்த்துவிடும். மலை உச்சியிலுள்ள லோணாவளாவில் 4,000 மி.மீட்டருக்கும் மேல். அங்கிருந்து புகைவண்டியில் 64 கி.மீ. கிழக்கே உள்ள புணேயிலோ ஏறத்தாழ 700 மி.மீ. மட்டுமே. இன்னும் கிழக்கே, சாத்தாரா மாவட்டத்து மாண் வட்டாரம் போன்ற பகுதிகளில் இதனினும் குறைவு. வண்டியில் இரண்டு மணி நேரத்துக்குள் ஓர் உலகிலிருந்து மற்றோர் உலகிற்குப் போய்விடுகின்றோம்.

மலைக்கு மேற்கே கொங்கணம். கிழக்கே 'தேஷ்' எனப்படும் தக்காண மேட்டுநிலம். மழை மிகுந்த கொங்கணம் செழித்தும், மழை குறைந்த தேஷ் மெலிந்தும் இருக்கும் என்று எண்ணத் தோன்றும். உண்மை அவ்வளவு எளிதன்று. கொங்கணத்தின் நிலம் ஒடுங்கியது, சரிவானது. செம்புறைக் கல்லின் மேல் விழும் நீர் நில்லாது கடலுக்கு ஓடிவிடும். ஆடியில் வெள்ளம் பாயும் ஊரில் சித்திரையில் குடிநீருக்குத் தவிப்பர். விளைநிலம் போதாமையால் ரத்தினகிரி மாவட்டத்து ஆடவர் தலைமுறை தலைமுறையாக மும்பை ஆலைகளுக்கு வந்தனர்; வீட்டுப் பெண்டிர் மணியார்டரை எதிர்பார்த்து ஊரில் காத்திருந்தனர். தேஷ் நாட்டினர் மழையின்மையால் வந்தனர். கொங்கணத்தார் மழையிருந்தும் நிலமின்மையால் வந்தனர். வந்து சேர்ந்த ஊர் ஒன்றே.

நாம் வந்த கதையும் இதனோடு ஒப்பு நோக்கத் தக்கது. தமிழகத்தின் பெரும்பகுதி இம்மலையின் மழைமறைவு நிலம். தென்மேற்குப் பருவம் கேரளத்தை நனைக்கையில் நாம் வானத்தை அண்ணாந்து பார்த்திருப்போம். ஐப்பசி, கார்த்திகையின் வடகிழக்குப் பருவமே நமக்கு ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியைத் தருகின்றது. ஆரியங்காவு வழியே எட்டிப் பார்க்கும் காற்றுக் குற்றாலத்தில் சாரலாய் விழும். ஆனால் எம் தந்தையார் பிறந்த கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலை அது நனைப்பதில்லை. தேஷ் நாட்டுக் கருமண் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பொங்கி வழிந்த எரிமலைக் குழம்பிலிருந்து பிறந்தது. நம் கரிசலின் பிறப்பு வேறு. பிறப்பு வேறாயினும் இரண்டின் பயிரும் ஒன்றே: பருத்தி, சோளம், கம்பு. இரண்டின் குணமும் ஒன்றே: மழை பெய்தால் காலைப் பற்றி இழுக்கும், பெய்யாவிடில் வாய் பிளந்து கிடக்கும்.

கணவாய் என்னும் வாயில்

மலை மறிக்கும்; கணவாய் வழிவிடும். வணிகமும் படையும் துறவியரும் வழிவிட்ட இடத்திற்றான் சென்றனர். டோம்பிவிலிக்கு அடுத்த பெரிய நிலையமான கல்யாண், நாம் வண்டி மாறுவதற்கென்று தோன்றிய ஊரன்று. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'செங்கடல் வழிகாட்டி' என்னும் பெரிப்ளூசு நூல் குறிப்பிடும் 'கல்லியேனா' என்ற துறைமுகம் இதுவே என அறிஞர் கருதுவர். இங்கிருந்து மலையேறி ஜுன்னர் நகருக்குச் செல்லும் நாணேகாட் கணவாயில் சாதவாகனர் குகையும், அரசி நாகனிகாவோடு தொடர்புபடுத்தப்படும் பிராமிக் கல்வெட்டும் உள்ளன. வழிப்போக்கர் சுங்கக் காசு இட்டுச் சென்றதாகச் சொல்லப்படும் கற்குடம் ஒன்றும் அங்கே உண்டு.

அதே நூல் தெற்கே முசிறியையும் குறிப்பிடுகின்றது. முசிறிக்குப் பின்னே ஏறத்தாழ 30 கி.மீ. அகலத்தில் மலை விலகி நிற்கும் பாலக்காட்டுக் கணவாய். அதன் வழியே கிழக்கே சென்றால் கொங்கு நாடு, கொடுமணல், கரூர். கோவை வட்டாரத்தில் புதையலாய்க் கிடைத்த உரோமானியக் காசுகள் அந்தப் பெருவழியின் சான்றுகள். கல்யாணும் நாணேகாட்டும் வடக்கே எப்படியோ, அப்படியே முசிறியும் பாலக்காடும் தெற்கே. சாதவாகன மன்னர் சிலர் தம் உருவம் பொறித்து வெளியிட்ட வெள்ளிக் காசுகளில் ஒரு பக்கம் பிராகிருதமும், மறு பக்கம் தமிழை ஒத்த திராவிட மொழியும் காணப்படுவது நாம் மகிழத்தக்க செய்தி. இரு மொழி பேசுவோரும் ஒரே சந்தையில் புழங்கினர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இருப்புப்பாதை ஏறிய மலை

1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணேக்கு 34 கி.மீ. ஓடிய முதற் பயணிகள் வண்டியை யாவரும் அறிவோம். அடுத்த ஆண்டு மே 1 அன்று பாதை கல்யாணை எட்டியது. அங்கே அது இரண்டாகப் பிரிந்தது. ஏனெனில் எதிரே மலை நின்றது. தென்கிழக்கே போர்காட் பாதை 1863இலும், வடகிழக்கே தல்காட் பாதை 1865இலும் திறக்கப்பட்டன. 37 அடி சென்றால் ஓரடி உயரும் செங்குத்தான பாதை, 25 குகைவழிகள். ஒப்பந்தக்காரர் சாலமன் ட்ரெட்வெல் இந்தியா வந்த சில நாளிலேயே இறக்க, அவர் மனைவியார் ஆலிஸ் பொறுப்பேற்று வேலையை முடிப்பித்தார். கொள்ளை நோயிலும் வெடி விபத்திலும் மாண்ட பல்லாயிரம் கூலியாள்களின் பெயர்களோ எந்தப் பலகையிலும் இல்லை. இன்றும் கர்ஜத்தில் நம் வண்டி நின்று, பின்னால் துணை எஞ்சின்கள் பூட்டப்படும்பொழுது நாம் வடையை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகின்றோம். அந்தச் சில நிமிட நிறுத்தம் இம்மலை இன்னும் கேட்டுப் பெறும் சுங்கம் எனலாம்.

கடன் கொடுத்து இப்பாதையை இட்டவர்கள் பயணிகளை மட்டும் எண்ணவில்லை, பருத்தியை எண்ணினர். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரால் இங்கிலாந்து ஆலைகளுக்குப் பஞ்சு வரத்து நின்றது. கானதேசத்தின் பஞ்சும் விதர்ப்பத்தின் பஞ்சும் மலையிறங்கி மும்பையை அடைந்தன; மும்பையில் பணம் குவிந்தது. 1854இல் காவஸ்ஜி தாவர் தொடங்கிய நூற்பாலையைப் பின்பற்றி ஆலைகள் பெருகின. மேற்படி இருப்புப்பாதை 1871இல் ராய்ச்சூரில் சென்னைப் பாதையோடு இணைந்தபின், நம்மவர் வருவதற்கும் வழி திறந்தது. திருநெல்வேலிச் சீமையினர் தாராவியில் தோல் பதனிடலில் கைதேர்ந்தனர்; தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றோர் மாட்டுங்காவில் குடியேறினர்; விடுதலைக்குப் பின் செம்பூரிலும், வாடகை உயர உயர டோம்பிவிலியிலும் பரவினர்.

திசை மாறிய நீர்

நீர் தன் போக்கில் சென்றால் மலை வகுத்த கணக்குப்படியே செல்லும். மாந்தர் அக்கணக்கை இரு இடங்களில் திருத்தி எழுதினர். இரண்டும் நம்மோடு தொடர்புடையன.

1876 முதல் 1878 வரை தமிழகத்தையும் தக்காணத்தையும் ஒருசேர வாட்டிய தாது வருடப் பஞ்சத்தை நம் பாட்டிமார் கதையாகச் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அதன் பின்னர், மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்று நீரை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்பும் பணி தொடங்கிற்று. பென்னி குயிக் முன்னின்று கட்டிய அவ்வணை 1895இல் திறக்கப்பட்டது. மதுரைச் சீமையின் பசுமை மேற்குச் சாரல் தந்த கொடை.

மராட்டியத்தில் நடந்ததோ இதற்கு நேர்மாறு. கிழக்கே ஓடவேண்டிய ஆறுகளை மலை விளிம்பிலேயே தேக்கி, மேற்குச் சரிவில் குழாய்களில் இறக்கி, டாடா நிறுவனத்தார் மின்சாரம் எடுத்தனர். கோபோலி 1915இலும், பிவ்புரி 1922இலும், பிரா 1927இலும் இயங்கத் தொடங்கின. புகை சூழ்ந்த மும்பை ஆலைகள் நீர்மின்சாரத்தில் ஓடின. ரயில்வேயும் தன் மின்வண்டிகளுக்கென்று நம் அண்டை நிலையமான டாக்குர்லியில் ஓர் அனல்மின் நிலையத்தை நிறுவிப் பல பத்தாண்டுகள் நடத்தியது. அதன் பெயர் 'சோளா மின்நிலையம்' என்று கேட்டுச் சோழப் பேரரசை நினைத்துப் பெருமிதம் கொண்ட தமிழரும் உண்டு. அது அருகிலுள்ள சோளே என்னும் சிற்றூரின் பெயரே.

இம்மின்சாரத்துக்கு விலை கொடுத்தோர் மலையின் மறுபுறத்தார். முள்ஷி ஏரிக்காக ஏறத்தாழ 50 சிற்றூர்களின் நிலம் நீரில் மூழ்கும் எனத் தெரிந்தபோது, 1921இல் அப்பகுதி உழவர் அறப்போர் தொடங்கினர். அதற்குத் தலைமை தாங்கிய பாண்டுரங்க மகாதேவ பாபட்டை மக்கள் 'சேனாபதி' என்று அழைத்தனர். போராட்டம் தோற்றது, அணை எழுந்தது. பெரியாற்றை எண்ணி நன்றி கூறும் நாம், முள்ஷியை எண்ணிச் சற்றுத் தலைகுனியவும் கடமைப்பட்டுள்ளோம்.

இவற்றுள் பிவ்புரி மின்நிலையத்தைப் பற்றி டோம்பிவிலிவாசிகள் தனியே அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. அதற்கு நீர் தருவது ஆந்திரா என்னும் சிற்றாற்றின் குறுக்கே கட்டிய அணை. தடுக்கப்படாதிருப்பின் அந்நீர் இந்திராயணியில் கலந்து, துக்காராம் வாழ்ந்த தேஹூவையும் ஞானேசுவரர் அடங்கிய ஆளந்தியையும் கடந்து, பீமையில் சேர்ந்து, பண்டரிபுரத்துப் படித்துறையை நனைத்து, கிருஷ்ணையோடு வங்கக் கடலுக்குச் சென்றிருக்கும். இன்றோ அது மலையிறங்கி, மின்னாக்கம் முடிந்து, உல்லாஸ் ஆற்றில் விடப்படுகின்றது. கோடையிலும் உல்லாஸ் வற்றாதிருப்பதற்கு அந்நீர் பெருந்துணை. அந்த உல்லாஸ் ஆற்றிலிருந்துதான் கல்யாணும் டோம்பிவிலியும் குடிநீர் பெறுகின்றன. ஆகவே நம் வீட்டுக் குடத்தில் நிறைவது, ஒரு பங்கேனும், பண்டரிபுரத்துக்குப் போகவேண்டிய நீர்.

ஊதியப் பட்டியலில் ஒரு வரி

நாம் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராய்ச் சேர்ந்த புதிதில், ஊதியப் பட்டியலில் 'தொழில் வரி' என்று ஒரு பிடித்தம் இருக்கக் கண்டோம். வருமான வரி ஒருபுறமிருக்க இது வேறு எதற்கு என்று முணுமுணுத்தோம். அடுத்த மேசையில் இருந்தவர் மாண் வட்டாரத்தைச் சேர்ந்த முதியவர். ஓய்வுபெற ஓராண்டே இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, 1972ஆம் ஆண்டு தம் தாயார் சாலையோரம் அமர்ந்து கல் உடைத்ததையும், அக்கூலியில் வாங்கிய தானியத்தில்தான் அவ்வாண்டு தம் வீட்டில் அடுப்பு எரிந்ததையும் சொன்னார். பிறகு, 'உம்முடைய இந்தப் பிடித்தம் அந்தக் கல்லுக்குத்தான்' என்றார்.

நாம் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவர். ஆயினும் இந்த வரலாறு நமக்குத் தெரிந்திருக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் மூன்றாண்டுகள் தொடர்ந்த வறட்சி தேஷ், மராத்வாடா பகுதிகளைச் சூறையாடிற்று. 1973 மே திங்களில் ஏறத்தாழ 50 லட்சம் பேர் நிவாரண வேலைகளில் உழைத்தனர். அதிலிருந்து பிறந்ததே மகாராட்டிர வேலை உறுதித் திட்டம். கேட்டவர்க்கு வேலை தருவது அரசின் கடமை என்று 1977இல் சட்டமாகி, 1979 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பொருள் வேண்டுமே? 1975இல் கொண்டுவரப்பட்ட தொழில் வரியின் வருவாய் அத்திட்ட நிதிக்கென ஒதுக்கப்பட்டது. நகரத்து மாத ஊதியக்காரர் செலுத்துவதற்குச் சமமான தொகையை அரசும் இட்டது. 2005இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஊரக வேலை உறுதிச் சட்டத்துக்கு இதுவே முன்னோடி. மாதம் 200 ரூபாயும் பிப்ரவரியில் 300 ரூபாயுமாகக் கழியும் அந்தப் பிடித்தத்தை நாம் அதன்பின் குறை கூறியதில்லை.

இதனால் வட்டாரங்களுக்கிடையே சமன் வந்துவிட்டது என்று கொள்ளலாகாது. 1950களின் தொடக்கத்தில் பிரவராநகரில் உழவரே கூடி நிறுவிய கூட்டுறவுச் சர்க்கரை ஆலை தேஷ் நாட்டின் ஒரு பகுதிக்கு வளம் சேர்த்தது. ஆனால் கால்வாய் எட்டிய இடத்திற்றான் கரும்பு இனித்தது. சாலை, பாசனம், கல்வி, மருத்துவம் ஆகியவற்றில் எந்த வட்டாரம் எவ்வளவு பின்தங்கியுள்ளது என்று கணக்கெடுக்கப் பொருளியல் அறிஞர் வி. எம். தாண்டேகர் தலைமையில் 1983இல் ஒரு குழுவே அமைக்கவேண்டியதாயிற்று. வறட்சி தாக்கும் ஆண்டுகளில், மேற்கே திருப்பிய நீரைக் கிழக்கே திருப்பித் தருக என்னும் குரல் இன்றும் எழுகின்றது. அக்குரல் கேட்கும்போது நம் குழாயை நாம் நினைத்துக்கொள்ள வேண்டும். எது நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நாம் நடுவர் அல்லோம். ஆனால் வழக்கில் நாமும் ஒரு தரப்பு என்பதை மறத்தல் ஆகாது.

உண்பதும் வணங்குவதும்

நிலம் பிரித்ததைப் பண்பாடு கூட்டி வைக்கின்றது. டோம்பிவிலியின் பழங்குடிகளான ஆக்ரி மக்கள் நெல்லும் உப்பும் விளைத்தோர். கோளி மக்கள் கழியிலும் கடலிலும் மீன் பிடிப்போர். கொங்கணத்தின் இலையில் சோறும் மீனும் தேங்காயும்; தேஷ் நாட்டில் சோள ரொட்டியும் கம்பு ரொட்டியும். தஞ்சைச் சோற்றையும் கரிசல் கம்பங்கூழையும் அறிந்த நமக்கு இது புதிதன்று.

ஆனி, ஆடியில், விதைப்பு முடிந்த கையோடு, ஆளந்தியிலிருந்தும் தேஹூவிலிருந்தும் பல்லக்குகளைப் பின்தொடர்ந்து பல லட்சம் வார்கரிகள் பண்டரிபுரம் நோக்கி நடக்கின்றனர். மழைமறைவு நிலத்தின் குறுக்கே வானத்தைப் பார்த்தபடி நடக்கும் உழவர் அவர். அவர்கள் பாடும் அபங்கங்களை மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நம்மவர் பஜனையில் பாடக் கேட்கின்றோம். பாட்டு நமக்கு மனப்பாடம். பாட்டைப் பாடி நடப்பவன் கிணற்றில் எவ்வளவு நீர் உள்ளது என்பது நமக்குத் தெரியாது. பக்தியில் பங்கு கொண்ட நாம் இதனையும் அறிதல் முறை.

அன்பர்களே! அடுத்த முறை ஊருக்குச் செல்கையில், கர்ஜத்துக்கு அப்பால் பிள்ளைகளைச் சன்னலோரம் அமர்த்துங்கள். மேற்கே பச்சையும் கிழக்கே வெளிறிய மண்ணும் எவ்விடத்தில் மாறுகின்றன என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பிவ்புரியின் குழாய்களில் இறங்கும் நீரே நம் குடத்துக்கு வருவதையும், தேக்கடி நீர் மதுரைக்குப் போவதையும் எடுத்துச் சொல்லுங்கள். இந்நாட்டின் ஒரு பகுதி மற்றொரு பகுதிக்குக் கடன்பட்டே வாழ்கின்றது. அலுவலகத்தில் பற்று வரவு எழுதிப் பழகிய நமக்கு ஒன்று தெரியும்: கடனை உடனே தீர்க்க இயலாவிடினும், அதை ஏட்டில் எழுதாது விடுவது முறையன்று. இம்மலரில் நாம் எழுதியது அந்த ஒரு வரவுக் குறிப்பே.